வரி ஏறுனாலும் எறங்குனாலும் நம்ம சேலத்துல யாருக்கு கை கடிக்குது? அவங்கவங்க தொழில் கணக்க போடுங்க

ஆத்தூர்_கிழங்கு
2025 செப்டம்பர் 22ல ஜி.எஸ்.டி. கொறைச்சதுல இருந்து நம்ம ஊரு வாட்ஸப் குரூப்புல எல்லாம் ரெண்டே கோஷ்டி தான். ஒண்ணு "இனி ஊரே செழிச்சிரும்"னு குதிக்குது, இன்னொண்ணு "2017லயே எல்லாம் முடிஞ்சு போச்சு"னு ஒப்பாரி வெக்குது. ரெண்டு கோஷ்டியும் ஏசி வெல, கார் வெலன்னு தான் பேசுதே தவிர நம்ம ஊர் தொழில பத்தி மூச்சு விட மாட்டேங்குது.

எங்களுது ஜவ்வரிசி செய்யற சேகோ மில்லு. குச்சிக்கிழங்கு வாங்குறப்ப வரி கெடையாது, மாவுச்சத்து பாயிண்ட்டுக்கு இவ்ளோன்னு பேசி விவசாயிக்கு பணம் குடுத்துருவோம். ஜவ்வரிசிக்கு 5%, அது மாறவே இல்ல. ஸ்டார்ச் தான் 12ல இருந்து 5க்கு வந்துச்சு. அதாவது ஒரே கிழங்கு, ஒரே தொட்டியில ஊறுன பாலு, உருட்டி வறுத்தா 5, அப்படியே மாவா காய வெச்சா 12ன்னு இத்தன வருஷம் இருந்துச்சு, இப்ப ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. நல்லது தான். ஆனா இதனால மூட்டைக்கு எங்களுக்கு என்ன மிச்சம்னு கேட்டா ஒண்ணும் இல்ல, அந்த 12 பர்சென்ட்டும் வாங்கறவன்கிட்ட வாங்கி கவர்மெண்டுக்கு கட்டுனது தானே, எங்க வீட்டு காசா.

என் கேள்வி வேற. நம்ம ஜவ்வரிசி பெரும்பாலும் வடக்க தான் போகுது. மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம்னு விரத நாள்ல சாபுதானா கிச்சடி கிண்டுற ஊருக்கெல்லாம் நம்ம ஆத்தூர், சேலம், ராசிபுரம் சரக்கு தான். அந்த 5% யாருக்கு போகுது? அரசியல் வேணாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_பஸ்ஸ்டாண்டு
டெல்லிக்கு. இந்த பேச்சு இழைய மூடிரலாம்.

கணக்குப்புள்ள
பாதி தான் டெல்லிக்கு பாஸ், மீதி பாதி புனேக்காரனுக்கு.

ஆத்தூர் தம்பி, இப்படி பாருங்க. நீங்க புனேவுக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு சரக்கு அனுப்புனா 5,000 ஐ.ஜி.எஸ்.டி. (ஸ்டேட் விட்டு ஸ்டேட் போற சரக்குக்கான ஜி.எஸ்.டி.) போடுவீங்க. கடைசில அந்த சரக்கு அங்க வித்து தீர்ந்ததும் அந்த வரில சென்ட்ரலுக்கு பாதி, மகாராஷ்டிராவுக்கு பாதி. தமிழ்நாட்டுக்கு நேரா வர்றது சைபர். ஜி.எஸ்.டி.யோட அடிப்படையே அதான், எங்க செய்யறாங்களோ அங்க இல்ல, எங்க தின்னு தீக்கறாங்களோ அங்க வரி. முன்னாடி சி.எஸ்.டி.ன்னு மத்திய விற்பனை வரி ஒண்ணு இருந்துச்சு ஞாபகம் இருக்கா, அதுக்கு வாங்கறவன் தர்ற சி ஃபார்ம வாங்கறதுக்குள்ள நாக்கு தள்ளும். அது மொதல்ல 4%, 2008ல 2% ஆச்சு, ஆனா அது சரக்கு கெளம்புற ஸ்டேட்டுக்கு போகும். அதே ஒரு லட்சத்துக்கு 2,000 நம்ம கஜானாவுக்கு வந்துட்டு இருந்துச்சு.

உடனே யாரும் அருவாள தூக்க வேணாம். நொய்டால செஞ்ச செல்ஃபோன நீங்க சேலம் நாலு ரோட்டுல வாங்குனா அந்த வரில பாதி நமக்கு வருது, அது முன்னாடி இந்த அளவுக்கு கெடையாது. தமிழ்நாடு செய்யற ஸ்டேட்டும் தான், வாங்கற ஸ்டேட்டும் தான், மொத்தமா கூட்டி கழிச்சு பாக்கணும். அதுக்கும் மேல மொத அஞ்சு வருஷம் வருஷத்துக்கு 14% வளர்ச்சிய கணக்கு வெச்சு, கொறஞ்சா ஈட்டுத்தொகை தர்றோம்னு சட்டமே போட்டாங்க. அது 2022 ஜூனோட முடிஞ்சுது. இப்ப ஸ்டேட்டுங்க வரி போச்சு வரி போச்சுன்னு கத்தறது அந்த குஷன் போனதால தான்.

உங்க மில்லுக்கு நெஜமான நஷ்டம் வேற எடத்துல இருக்கு. கரண்டுக்கு ஜி.எஸ்.டி. இல்ல, டீசலுக்கும் இல்ல. கேக்க நல்லா இருக்கும். ஆனா அதுல இருக்குற வரிக்கு உங்களுக்கு கிரெடிட்டும் (வாங்கறப்ப கட்டுன வரிய, விக்கறப்ப கட்டற வரில கழிச்சுக்கறது) இல்ல. கிழங்குக்கும் வரி இல்லாததால உங்க இன்புட்ல கிரெடிட் வர்றது சாக்கு, மெஷின் பார்ட்ஸ், ஜாப் ஒர்க்னு சில்லறை தான். 2022 செப்டம்பர்ல கரண்ட் சார்ஜ் ஏத்துனப்ப ஃபிக்சட் சார்ஜ் ஏறுச்சே, அது முழுசா உங்க தலைல. வரி விகிதம் எறங்குச்சுன்னு பேப்பர்ல போடுவான், மின் கட்டணம் ஏறுனா அத யாரும் வரின்னே சொல்ல மாட்டான்.

ஆத்தூர்_கிழங்கு
சீசன் மில்லுங்க எங்களுது. கிழங்கு வரத்து இல்லாத மாசம் மில்லு ஓடாது, ஃபிக்சட் சார்ஜ் மட்டும் ஓடும். இத எந்த குரூப்புலயும் ஒருத்தனும் பேசல அண்ணா.

செவ்வாப்பேட்டை_கொலுசு
வெள்ளி பக்கம் நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

எங்களுக்கு 2017ல இருந்து 3% தான், 2025 செப்டம்பர்லயும் மாறல. அப்ப எங்களுக்கு வரி ஏறல எறங்கலன்னு தானே நெனப்பீங்க? 2017ல ஜி.எஸ்.டி. வந்தப்ப வெள்ளி கிலோ நாப்பதாயிரம் பக்கம். 3%ன்னா 1,200 ரூபா. 2025ல கிலோ ஒரு லட்சத்த தாண்டி எங்கயோ போயிடுச்சு, ஒண்ணரை லட்சம்னு வெச்சுக்கிட்டா அதே 3% 4,500. கிரெடிட் கெடைக்கும் சார்னு ஆடிட்டர் சொல்லுவாரு, கெடைக்கும், கொலுசு வித்து காசு வந்து கணக்கு போட்டதுக்கு அப்பறம். வெள்ளிக்கட்டி வாங்கற அன்னிக்கு அந்த 4,500ம் சேத்து கையில வேணுமா வேணாமா? கட்டி வாங்கி பட்டறைல குடுத்து, கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பொடி வெச்சு ஊதி, முத்து போட்டு, பாலிஷ் அடிச்சு, டச் (வெள்ளியோட சுத்தம்) பாத்து, ஆந்திரா கர்நாடகா மகாராஷ்டிரான்னு லைனுக்கு போய், அங்க கடைக்காரன் கடன்ல வாங்கி, பணம் வர்றதுக்குள்ள நடுவுல ஒரு தீபாவளியே போயிடும். பணம் இருக்கறவன் தாங்குவான், பத்து கிலோ வெச்சு பொழப்பு ஓட்டுன சின்ன பட்டறை என்ன பண்ணும், அஞ்சு கிலோவுக்கு எறங்கும், அப்பறம் சொந்த வெள்ளியே இல்லாம பெரிய ஆளுக்கு கூலிக்கு செய்ய போயிடும். சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் போய் பாருங்க, நேத்து ஓனரா இருந்தவன் இன்னிக்கு கூலிக்கு ஊதிட்டு இருப்பான். கூலி கிலோவுக்கு தான், வெள்ளி வெல ஏறுனதுக்கும் கூலிக்கும் சம்பந்தமே கெடையாது.

இன்னொண்ணு. 2024 ஜூலை 23 பட்ஜெட். வெள்ளி இறக்குமதி வரிய 15ல இருந்து 6ஆ கொறச்சாங்க. நாடே கை தட்டுச்சு. எங்க தெருவுல அன்னிக்கு எவனும் மத்தியானம் சாப்புடல. வரி இல்லாம 100ன்னு வெச்சுக்கிட்டா, காலைல 115க்கு இருந்த சரக்கு மதியம் 106க்கு வந்துருச்சு, கிட்டத்தட்ட 8% போச்சு, ஸ்டாக் வெச்சிருந்தவன் அத்தன பேருக்கும். வரி கொறச்சது தப்புன்னு சொல்லல, 15% இருந்தப்ப கடத்தல் வெள்ளி ஓடுச்சு, நேர்மையா பில் போட்டவன் தான் மாட்டுனான், அதனால கொறச்சது சரி தான். ஆனா ஒரே நாள்ல, ஒரே பேச்சுல. அந்த நஷ்டத்துக்கு எந்த ஃபார்முலயும் கட்டம் கெடையாது.

பழைய_பஸ்ஸ்டாண்டு
அப்ப 2023 பட்ஜெட்ல வெள்ளிக்கு ஏத்துனாங்களே அன்னிக்கு ஸ்டாக் வெச்சிருந்தவங்களுக்கு லாபம் வந்துருக்குமே, அத சொல்ல காணோம்?

செவ்வாப்பேட்டை_கொலுசு
வந்துச்சு. யாருக்கு வந்துச்சு, கிலோ கணக்குல கட்டி அடுக்கி வெச்சிருந்தவனுக்கு. ஏறுறப்ப பெரியவன் கையில ஸ்டாக் இருக்கும், எறங்குறப்ப எல்லார் கையிலயும் இருக்கும், எப்படியோ அப்படித்தான் அமையுது.

தறி_சத்தம்
இளம்பிள்ளை பக்கத்துல இருந்து பேசறேன். கொலுசு அண்ணன் சொன்ன பண ரொட்டேஷன் கதை எங்களுக்கும் தான், ஆனா எங்களுக்கு வேற மாதிரி மாட்டுச்சு.

பாலியஸ்டர் நூலு 12%, சேலைக்கு 5%. ஒரு லட்சத்துக்கு நூல் எடுத்தா 12,000 வரி கட்டி தான் எடுக்கணும். அத நெய்ஞ்சு ஒண்ணரை லட்சத்துக்கு சேலையா வித்தா 5% கணக்குல 7,500 தான் வரி வரும். மிச்சம் 4,500 கவர்மெண்ட் கணக்குல நம்ம பேர்ல தூங்கும். 2018 ஆகஸ்ட் வரைக்கும் துணிக்கு அத ரீஃபண்டே குடுக்க மாட்டோம்னாங்க, அப்பறம் குடுக்கறோம்னு சொல்லிட்டு அதுவரைக்கும் சேந்து கெடந்தத காலாவதின்னு ஊதி விட்டுட்டாங்க. இப்ப செப்டம்பர் 22ல இருந்து நூலும் 5, துணியும் 5. இது நெஜமாவே நல்ல காரியம், நான் ஒத்துக்கறேன், எட்டு வருஷம் லேட்டுங்கறது தான் வயித்தெரிச்சல். அந்த எட்டு வருஷத்துல எத்தன தறி எடைக்கு போச்சுன்னு எங்க ஏரியால எந்த வீட்டுலயும் கேக்கலாம்.

அப்பறம் 43பி(எச்). ஜி.எஸ்.டி. பத்தி எல்லாரும் பேசறீங்க, இது இன்கம் டாக்ஸ், யாரும் வாய் தொறக்கல. சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும், இல்லாட்டி அந்த வருஷம் அந்த செலவ கழிக்க முடியாதுன்னு வாங்கற வியாபாரிக்கு செக் வெச்சாங்க. 2024 மார்ச் கணக்கு முடியறப்ப தான் எல்லாருக்கும் ஒறச்சுது. எங்களுக்காக போட்ட சட்டம். என்ன ஆச்சு? எங்க லைன்ல ஒரு வியாபாரி மார்ச் மாசம் சரக்க திருப்பி அனுப்பிட்டு ஏப்ரல்ல பாப்போம்னுட்டாரு. இன்னொருத்தர் உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன (சின்ன யூனிட்னு காட்டற பதிவ) எடுத்துரு, இல்லாட்டி வேற ஆளுகிட்ட எடுத்துக்கறேன்னு ஓப்பனாவே சொன்னாரு. ஜவுளில 90 நாள் 120 நாள் கடன்ங்கறது தாத்தா காலத்து வழக்கம், அத மேல இருந்து ஒரு வரில வெட்டுனா வெட்டு வாங்கறது கீழ இருக்கறவன் தான்.

ஒண்ண மறைக்க கூடாது, விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவச கரண்டு, 2023ல 750ல இருந்து ஏத்துனது, அது தான் சின்ன தறிக்காரன் மூச்சு. அது இல்லன்னா நான் இந்த இழைல எழுதிட்டு இருக்க மாட்டேன், பெங்களூர்ல செக்யூரிட்டியா நின்னுருப்பேன்.

ஆத்தூர்_கிழங்கு
வேட்டி சேலை ஆர்டர் பத்தி சொல்லுங்க. அது கவர்மெண்ட் செலவு பக்கம் தானே.

தறி_சத்தம்
எம்.ஜி.ஆர். 1983ல ஆரம்பிச்சது. பொங்கலுக்கு ஏழை குடும்பத்துக்கு வேட்டி சேலைங்கறது ஒரு பக்கம், சேலம் ஈரோடு திருச்செங்கோடு தறிக்கு ஆறு மாச வேலைங்கறது இன்னொரு பக்கம். எங்களுக்கு அது ரெண்டாவது தான் முக்கியம். பிரச்சனை எப்பவுமே தேதில தான். ஜூன்ல ஆர்டரும் நூலும் வந்தா தறி நின்னு நிதானமா ஓடும், கூலி சீரா வரும். ஆகஸ்டு செப்டம்பர்னு தள்ளுச்சுன்னா நடுவுல தறி சும்மா நிக்கும், அப்பறம் பொங்கலுக்குள்ள முடின்னு ராப்பகலா ஓட்டணும், ஆளு கெடைக்காது, தரம் போகும். ரெண்டு வருஷத்துலயும் பட்ஜெட்ல ஒதுக்குன பணம் ஒண்ணாவே இருக்கும். எங்க ஊருக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல.

சங்ககிரி_லோடு
லாரிக்காரங்கள விட்டுட்டீங்களே. ஜி.எஸ்.டி.ய திட்டறவங்க ஒண்ண மறந்துட்டாங்க, 2017 ஜூலைல ஸ்டேட் பார்டர்ல இருந்த வணிக வரி செக்போஸ்ட தூக்குனாங்க. ஜவ்வரிசி ஏத்திட்டு இந்தூர் போற வண்டி ஒவ்வொரு பார்டர்லயும் காத்துக் கெடந்த காலத்த பாத்தவன் நான். அந்த ஒரு விஷயத்துக்கு எவன் வேணா கும்புடு போடலாம்.

டீசல் மட்டும் ஜி.எஸ்.டி. வெளிய. சென்ட்ரல் எக்சைஸ் 2021 நவம்பர்ல 10 ரூபா, 2022 மே மாசம் 6 ரூபான்னு கொறச்சாங்க, சரி. ஆனா ஏத்துனப்ப எவ்ளோ ஏத்துனாங்கன்னு அதுக்கு முன்னாடி வருஷத்த பாருங்க. எக்சைஸ்ல பெரும்பகுதி செஸ், சர்சார்ஜ்னு போட்டு வெச்சிருக்கறதால அது ஸ்டேட்டுக்கு பங்கு போகாது, அது தனி கத.

2025 செப்டம்பர்ல புது லாரிக்கும் டயருக்கும் 28ல இருந்து 18. டயர் கொறஞ்சது சந்தோஷம். ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 28% கட்டி ஃபைனான்ஸ்ல வண்டி எடுத்தவன் நெலம? புதுசு வெல எறங்குனா பழசு வெலயும் எறங்கும், டியூ மட்டும் எறங்காது. வண்டிய வித்துட்டு கடன அடைக்கலாம்னு இருந்தவங்களுக்கு இடிக்குது. கொலுசு அண்ணன் சொன்ன 115, 106 கணக்கு தான் இங்க 128, 118.

செவ்வாப்பேட்டை_கொலுசு
அடங்கப்பா, இதுவும் 8% தானா. கை குடுங்க லோடு.

இருபதாவது_கொண்டை_ஊசி
ஏற்காட்டுல ஒரு சின்ன லாட்ஜ் எங்களுது, லேக் பக்கம் இல்ல, கொஞ்சம் உள்ள. ரூம் வாடகை ஜி.எஸ்.டி. கதைய சொல்றேன். 2022 ஜூலை வரைக்கும் ஆயிரம் ரூபாய்க்கு கீழ இருக்குற ரூமுக்கு வரியே இல்ல. அப்பறம் அதுக்கும் 12% போட்டாங்க. சேலம், நாமக்கல், தர்மபுரின்னு பக்கத்துல இருந்து வர்ற குடும்பம், காலேஜ் பசங்க இவங்க தான் எங்களுக்கு சனி ஞாயிறு. 800 ரூபா ரூமுக்கு 96 ரூபா வரின்னதும் பேரம் ஆரம்பிச்சுருச்சு, "பில் வேணாம்"னு. நாங்க ரிஜிஸ்டர் பண்ணவங்க, பில் போட்டே ஆகணும். ரோட்டுக்கு அந்த பக்கம் 20 லட்சத்துக்கு கீழ டர்ன்ஓவர்னு ரிஜிஸ்டரே பண்ணாத ஹோம்ஸ்டே, அவருக்கு வரி இல்ல. யாரு ரூம் நெறையும்?

இப்ப 7,500க்கு கீழ எல்லா ரூமுக்கும் 5% ஆக்கிட்டாங்க. 2,000 ரூபா ரூம் 2,240ல இருந்து 2,100 ஆச்சு, விருந்தாளிக்கு நல்லது. ஆனா எங்களுக்கு இன்புட் கிரெடிட் இனி கெடையாதாம். பெயிண்ட் 18, டிவி 18, கீஸர் 18, எல்லாம் செலவு தான். ஏற்காட்டுல மழைக்கும் பனிக்கும் செவுரு வருஷா வருஷம் பூஞ்சை புடிக்கும் சார், பெயிண்ட் அடிச்சே ஆகணும். இது லாபமா நஷ்டமா எனக்கு இன்னும் புரியல.

கணக்குப்புள்ள
உங்க அளவு லாட்ஜுக்கு லாபம் தான் சார், பெருசா மராமத்து பண்ற வருஷம் தவிர. புதுசா கட்டடம் கட்டறதுக்கு முன்னாடியும் கிரெடிட் கெடையாது, அதனால அதுல நீங்க எழக்கறது ஒண்ணும் இல்ல. ஓட்டலுக்கு 2017 நவம்பர்ல இதே தான் பண்ணாங்க, 18ல இருந்து 5க்கு எறக்கிட்டு கிரெடிட்ட புடுங்குனாங்க. அன்னிக்கு தோசை வெல எறங்குச்சா? மெனு கார்டுல வெலய ஏத்தி வரிய எறக்கி பழைய பில்லுக்கே கொண்டு வந்துட்டாங்க. ஏற்காட்டுலயும் மே மாசம் கோடை விழா சமயத்துல ரூம் 2,000ங்கறது 2,100 ஆகி அதுக்கு மேல 5% வரும், பாத்துக்கிட்டே இருங்க.

ஜாகீர்_அம்மாபாளையம்
எல்லாரும் வரியவே பேசறீங்க. செலவு பக்கம் வாங்க. நம்ம ஊரு பொருளாதாரத்த மாத்துனது எந்த வரியும் இல்ல, இரும்பாலை. 1970ல இந்திரா காந்தி அடிக்கல் நட்டாங்க, 1981ல தான் ஓட ஆரம்பிச்சுது, பதினோரு வருஷம். கஞ்சமலைல இரும்பு இருக்குன்னு சொல்லி வந்த ஆலை, கடைசில அந்த இரும்ப எடுக்கவே இல்ல, வெளிய இருந்து ஸ்லாப் கொண்டு வந்து ஸ்டெயின்லெஸ் உருட்டுனாங்க. ஆனா ஊரு மாறுச்சு. டவுன்ஷிப், ஸ்கூல், கான்ட்ராக்ட் வேல, பஸ் ரூட்டு, சுத்துப்பட்டுல லேத்து, வாடகை வீடு, மெஸ்ஸு. எங்க அப்பா தலைமுறைல ஒரு குடும்பத்துக்கு ஒரு மாசச்சம்பளம்னு வந்ததுன்னா அது அங்க இருந்து தான். 2016ல தனியாருக்கு விக்கறோம்னு கேபினட் முடிவு எடுத்ததும் போராட்டம், பந்தல், வருஷக்கணக்குல ஆளுங்களுக்கு நிம்மதி போச்சு. விக்கறாங்களோ இல்லயோ, விக்கப் போறோம்னு சொன்ன அன்னிக்கே ரோட்டு ஓரத்துல நெலத்து வெல, கடை அட்வான்ஸ் எல்லாம் நின்னு போச்சு.

பழைய_பஸ்ஸ்டாண்டு
நஷ்டத்துல ஓடற ஆலைக்கு வடக்க இருக்குற வரி குடுக்கறவன் எதுக்கு காசு குடுக்கணும்? நாம மட்டும் "எங்க வரி எங்களுக்கு வரல"ன்னு கேக்கறோம்ல.

ஜாகீர்_அம்மாபாளையம்
நல்ல கேள்வி, கோவம் வந்தாலும் நல்ல கேள்வி. இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. 1950கள்ல இருந்து 1990 ஆரம்பம் வரைக்கும் சரக்கு கட்டண சமன்பாடுன்னு ஒரு கொள்கை. பீகார் ஒரிசால வெட்டி எடுத்து உருக்குன இரும்ப நாட்டுல எங்க வாங்குனாலும் ஒரே வெல, ரயில் கூலி வித்தியாசத்த சென்ட்ரல் பாத்துக்கும். அதனால இரும்பு இல்லாத கோயமுத்தூர்லயும் சென்னைலயும் பம்பு, மோட்டார், லாரி எல்லாம் செய்ய முடிஞ்சுது. சுரங்கம் இருக்கற எடத்துல ஃபேக்டரி வர வேண்டிய காரணமே இல்லாம போச்சு, ஜார்க்கண்ட் பக்கத்து ஆளுங்க இன்னிக்கும் அத சொல்லி கோவப்படுவாங்க. இதே மாதிரி பஞ்சுக்கு எந்த சமன்பாடும் போடல, அதுல நாம குஜராத் பஞ்ச முழு வெலக்கு தான் வாங்குனோம். அதனால யாரு யாருக்கு கடன்னு நேர் கோடு போட முடியாது.

கணக்குப்புள்ள
நேர் கோடு போட முடியாது தான், ஆனா போக்க பாக்கலாம். ஸ்டேட்டுங்களுக்கு பிரிக்கற வரில 13வது நிதிக்குழுல தமிழ்நாட்டுக்கு 4.969%, 14வதுல 4.023, 15வதுல 4.079. அந்த 15வதுல தலைக்கு வருமானம் கொறஞ்ச ஸ்டேட்டுக்கு கூடுதல்ங்கற கணக்குக்கே 45% வெயிட் இருந்துச்சு. ஏழை ஸ்டேட்டுக்கு கூட குடுக்கறத நான் எதுக்கல. குடும்பக் கட்டுப்பாட்ட ஒழுங்கா பண்ணதுக்கு 12.5% போட்டாங்க, அதுக்கும் நன்றி. செஸ், சர்சார்ஜ்னு பேர மாத்தி பங்குக்கே வராத பணத்த பெருசாக்கறது தான் தப்பு. சங்ககிரி சொன்னாரே டீசல்ல, அதே தான்.

சரி இத விடுங்க. டெல்லி சென்னைக்கு கொறைக்குதுன்னு கேக்கற நாம, சென்னை சேலத்துக்கு என்ன குடுக்குதுன்னு கேட்டோமா?

பழைய_பஸ்ஸ்டாண்டு
குடுத்துச்சே, முதலமைச்சர் எந்த ஊர்னு பாத்து குடுக்கும். 2017ல இருந்து 2021 வரைக்கும் ஐந்து ரோட்டு ஈரடுக்கு பாலம், தலைவாசல்ல கால்நடை ஆராய்ச்சி நெலையம், மேட்டூர் உபரி தண்ணிய 100 ஏரிக்கு கொண்டு போற 565 கோடி சரபங்கா திட்டம். எட்டு வழிச்சாலையும் சேத்து வந்துருக்கும், ஜனங்க தான் 2018ல நடுவயல்ல நின்னு மறிச்சிட்டாங்க.

அம்மாபேட்டை_அக்கா
இந்த தம்பிக்கு எல்லாத்துக்கும் ஒரு நக்கல்.

நான் சின்னதா மளிகைக்கடை வெச்சிருக்கேன். நீங்க சொல்ற கோடி கணக்கு எனக்கு தெரியாது, எங்க தெரு கணக்கு தெரியும். 2023 செப்டம்பர்ல இருந்து மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 வருது, 15ஆம் தேதி வாக்குல. அதுக்கு முன்னாடி மாசத்துல பத்தாம் தேதிக்கு மேல கடைல கடன் நோட்டு தான் ஓடும், சம்பளம் வந்தா தருவாங்க. இப்ப மாசத்து நடுவுல ஒரு தபா கையில காசு வருது, நோட்டுல பாதிய அடைச்சிடறாங்க, நானும் மண்டிக்காரருக்கு அப்பவே குடுத்துடறேன். என் கடைல வித்தது எண்ணெய், பருப்பு, புள்ளைங்களுக்கு பிஸ்கட்டு. எந்த பொம்பளையும் அத எடுத்துட்டு போய் துபாய்ல போடல.

சங்ககிரி_லோடு
இல்லங்க அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, 1,000 ரூபா குடுக்கறதுக்கு மாநிலம் கடன் வாங்குது, அந்த வட்டிய யாரு கட்டறது? இந்த தொகைக்கே மாசம் ஆயிரம் கோடிக்கு மேல போகுது. அந்த காசுல ரோடு போட்டா வேல வரும்ல.

அம்மாபேட்டை_அக்கா
ரோடு போடுங்க வேணாங்கல. ஐந்து ரோட்டு பாலம் கட்டி முடிக்கற வரைக்கும் கீழ இருந்த கடைங்க என்ன ஆச்சுன்னு கேட்டு பாருங்க, வருஷக்கணக்குல மறைச்சு வெச்சாங்க, வாடகை குடுக்க முடியாம காலி பண்ணிட்டு போனவங்க எனக்கு தெரிஞ்சே இருக்காங்க. பாலம் நல்லா தான் இருக்கு இப்ப. போனவங்க திரும்பி வரல. அப்பறம் 2022ல சொத்து வரிய ஏத்துனீங்களே, 600 சதுர அடிக்குள்ள இருக்குற வீட்டுக்கு 25%, பெரிய வீட்டுக்கு 100%ன்னு. எங்க ஹவுஸ் ஓனர் அத சாக்கா வெச்சு வாடகைய ஏத்தி என் தலைல கட்டுனாரு. வரி அவருக்கு, கட்டறது நான். ஆயிரம் ரூபா வரவுல அதையும் கழிச்சுக்கங்க தம்பி.

கணக்குப்புள்ள
அக்கா சொன்னத அப்படியே எக்கனாமிக்ஸ் கிளாஸ்ல வெக்கலாம். சொத்து வரி ஏத்தலன்னா நிதிக்குழு மானியம் கெடைக்காதுன்னு 15வது நிதிக்குழு நிபந்தன போட்டுருந்துச்சுங்கறதையும் சேத்துக்கங்க, ஸ்டேட் மேல மட்டும் பழி போட முடியாது. மாநகராட்சிக்கு சொந்தமா பெரிய வரின்னா இது ஒண்ணு தான், மிச்சம் ஸ்டேட் வரி வருமானத்துல உள்ளாட்சிக்குன்னு பிரிக்கற 10%ல நம்ம பங்கு.

இருபதாவது_கொண்டை_ஊசி
விமானத்த மறந்துட்டீங்க. 2018ல உடான்ங்கற சென்ட்ரல் திட்டத்துல சேலத்துல இருந்து சென்னைக்கு ஃப்ளைட் வந்துச்சு, சீட்டுக்கு மானியம். பெங்களூரு சென்னைல இருந்து ஆளு வருவாங்கன்னு எங்க ஏரியால ரெண்டு மூணு பேரு கடன் வாங்கி ரூம் கட்டுனாங்க. 2021ல ஃப்ளைட் நின்னுச்சு. 2023 அக்டோபர்ல திரும்ப வந்துச்சு. நடுவுல ரெண்டு வருஷ வட்டிய எந்த ஸ்கீமும் கட்டல. காபி தோட்டக்காரங்க பரவால்ல, மொளகுக்கு கிலோ 500 ரூபாய்க்கு கீழ இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு 2017 டிசம்பர்ல போட்டது இன்னும் அவங்கள கொஞ்சம் காப்பாத்துது, சில்வர் ஓக்ல ஏத்தி விட்ட கொடி தானே பாதி எஸ்டேட்டுக்கு கைச்செலவு.

கணக்கு சார், அப்ப இந்த மே சீசனுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்கவா வேணாமா?

கணக்குப்புள்ள
அடிங்க. 18% கிரெடிட் வராது, பெயிண்ட் செலவோட சேத்து இன்கம் டாக்ஸ்ல கழிச்சுக்கங்க. பில் மட்டும் ஒழுங்கா வாங்கி வெய்ங்க.

தறி_சத்தம் இருக்கீங்களா? நூல் 5 ஆயிடுச்சுன்னு பழைய ரீஃபண்ட விட்டுறாதீங்க. 12% கட்டி எடுத்த மாசங்களுக்கு தேங்கி கெடக்குறது இருந்தா ஆர்.எஃப்.டி. 01ங்கற ரீஃபண்ட் விண்ணப்பம் போடணும், ரெண்டு வருஷ கெடு, மாசம் போக போக பழைய மாசம் ஒண்ணொண்ணா கைய விட்டு போகும்.

தறி_சத்தம்
இருக்கேன் சார். எங்க ஆளு நூல் இப்ப 5 தானே இனி ரீஃபண்டே கெடையாதுன்னு சொல்லிட்டாரு, நானும் விட்டுட்டேன். 2023 கடைசி மாசங்கள்ல இருந்தே போடல.

கணக்குப்புள்ள
அப்ப அதுல ஒண்ணு ரெண்டு மாசம் இந்நேரம் போயிருக்கும். மிச்சத்துக்கு இந்த வாரமே ஒக்காருங்க. நூல் பர்ச்சேஸ் பில்லு, 3பி ரிட்டர்ன், ஸ்டேட்மெண்ட் எல்லாம் எடுத்துக்கிட்டு உங்க ஆள மொதல்ல பழைய மாசத்துல இருந்து ஆரம்பிக்க சொல்லுங்க, புதுசுல இருந்து ஆரம்பிச்சாருன்னா இன்னொரு மாசம் போயிடும்.